முதலில் ஓட்டுங்கள், பிறகு வாங்குங்கள்

சென்ற இதழில் பிக்கப் வண்டிகளைப் பற்றி வந்த கட்டுரை தவறானது; புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு ஆபத்தானதும்கூட. இசுஸு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ வாங்கியவர், கம்பெனியிலிருந்து வந்தபடியே அதைக் கரடுமுரடான பாதையில் இறக்கினால் வண்டி வீணாகிவிடுமாம். லிஃப்ட் கிட், பெரிய மட் டயர், இரும்பு பம்பர், விஞ்ச், ஸ்நார்கல் எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டுமாம். மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர் இதைப் படித்துவிட்டு இன்னும் சில லட்சம் கடன் வாங்குவார். பணம் போவதுகூடப் பெரிதில்லை. அந்தச் சாமான்களை நம்பி அவர் வண்டியை எந்தப் பள்ளத்தில் இறக்குவார் என்பதுதான் என் கவலை.

லிஃப்ட் கிட் போட்டால் அடிப்பாகம் பாறையில் இடிக்காது என்கிறார் கட்டுரையாளர். வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். இந்த இரண்டு வண்டிகளிலும் பின்சக்கரங்களை இணைப்பது ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். அதன் நடுவில் டிஃபரென்ஷியல் உருண்டு தொங்குகிறது. பாதை நடுவே துருத்தி நிற்கும் கல்லில் பெரும்பாலும் உரசுவது அதுதான். லிஃப்ட் கிட் சேஸிஸையும் பாடியையும்தான் தூக்கும். பின் ஆக்சில் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். அதிலும் எவ்வளவு கிடைக்கும்? ஹைலக்ஸில் வரும் 265/60 ஆர்18 டயரைக் கழற்றிவிட்டு 285/60 ஆர்18 போட்டால் டயரின் மொத்த உயரம் 24 மி.மீ. கூடும். ஆக்சிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 12 மி.மீ. ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டரோ முன்பு காட்டியதைவிடச் சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

லிஃப்ட் போட்டால் வண்டியின் மூக்கும் வயிறும் வால்பக்கமும் கொஞ்சம் உயரும் என்பது உண்மைதான். கூடவே எடை மையமும் உயர்கிறது. பக்கச்சரிவில் வண்டி புரண்டுவிடுமோ என்ற பயம் முன்கூட்டியே வந்துவிடும். முன்சக்கரங்களைச் சுழற்றும் சி.வி. ஜாயின்ட்டுகள் கூடுதல் கோணத்தில் வேலை செய்வதால் அவற்றின் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?

கம்பெனி வண்டி மணலில் புதைந்துவிடும் என்பது அவருடைய அடுத்த வாதம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரியை ஒட்டிய பனந்தோட்டப் பாதைகளில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். தார்ச்சாலைக்கு அடித்த காற்றோடு, 32 பி.எஸ்.ஐ. வாக்கில், வண்டி செம்மணலில் இறங்குகிறது. கொஞ்ச தூரத்திலேயே வேகம் குறைகிறது. ஓட்டுபவர் பதறிப்போய் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறார். பின்சக்கரங்கள் தங்களுக்கே குழி தோண்டிக்கொள்கின்றன. ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடுகிறது. விஞ்ச் இருந்தால் என்ன செய்வார்? கம்பியைக் கட்ட அங்கே பாறையும் இல்லை. பனையில் கட்டினால் தோட்டக்காரர் சும்மா விடமாட்டார். செய்ய வேண்டியது வேறு. சக்கரங்களுக்கு முன்னால் மண்வெட்டியால் சரிவாக வழி வெட்ட வேண்டும். நாலு டயரிலும் காற்றை 16 வரை இறக்க வேண்டும். பக்கச்சுவர் பிதுங்கி, டயரின் அடி நீண்டு மணல்மேல் படியும். ஃபோர் லோவில், இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளட்சை விட்டால் வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறி வரும். இதற்கு வேண்டியது ஒரு கேஜ், ஒரு மண்வெட்டி, திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். காற்றை இறக்குவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. மணலில் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுத வந்தவருக்கு இது மன்னிக்க முடியாத குறை.

கரிசல் மண்ணோ எந்தச் சாமானுக்கும் அடங்காது. மழைக்கு மறுநாள் விளாத்திகுளம் பக்கம் ஒரு வண்டிப்பாதையில் இறங்கிப் பாருங்கள். மட் டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். டிராக்டரே நின்றுபோகும் மண் அது. அங்கே சரியான முடிவு, காயும்வரை காத்திருப்பது.

மலைப்பாதைக்கு வருவோம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை முழுக்கக் கல். விடியலுக்கு முன்பே பழைய மஹிந்திரா ஜீப்புகள் அங்கே ஆளேற்றிக்கொண்டு வரிசையாக ஏறுகின்றன. பட்டை ஸ்பிரிங், ஒல்லி டயர், விஞ்ச் கிடையாது. எந்தக் கல்லில் சக்கரத்தை ஏற்றுவது, எதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவது என்பது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஜீப் குட்டை வண்டி, பிக்கப் நீளமானது என்று பதில் வரும். சரிதான். ஹைலக்ஸின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டருக்கு மேல் தூரம். மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டும், வால் இழுபடும். அந்த நீளத்தை எந்தச் சாமானும் குறைக்காது. எந்த மேட்டைச் சாய்வாக அணுக வேண்டும், எதை விட்டுத் திரும்ப வேண்டும் என்பதை அந்த வண்டியிலேயே மெதுவாக ஓட்டித்தான் படிக்க முடியும்.

பிக்கப்பின் பின் பட்டைகள் சுமைக்காகச் செய்தவை. பின்தொட்டி காலியாக இருந்தால் விறைத்து நிற்கும். குண்டுகுழியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும். பின்னால் நூறு, நூற்றைம்பது கிலோ ஏற்றி நன்றாகக் கட்டினாலே வண்டியின் குணம் மாறுவது தெரியும். ஹைலக்ஸில் பின் டிஃபரென்ஷியலைப் பூட்ட கம்பெனியே ஒரு பட்டன் வைத்திருக்கிறது. அதை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காத ஒருவரிடம் விஞ்ச் வாங்கச் சொல்வது என்ன அறிவுரை?

ஸ்நார்கல் போட்டால் ஆற்றில் இறங்கலாம் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஹைலக்ஸ் 700 மி.மீ. தண்ணீர் வரை போகலாம் என்று டொயோட்டா சொல்கிறது. ஸ்நார்கல் எஞ்சின் மூச்சுவிடும் இடத்தை மட்டும்தான் உயர்த்தும். ஆல்டர்னேட்டரும் வயரிங்கும் கதவு ரப்பரும் பழைய உயரத்திலேயே இருக்கும். ஓடுகிற தண்ணீர் முட்டளவைத் தாண்டினாலே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும். மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் அடித்துச் செல்லப்படும் வண்டிகளைப் பற்றிய செய்தியைக் கட்டுரையாளர் படித்ததே இல்லையா?

சட்டத்தையும் அவர் மறந்துவிட்டார். வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கம்பெனி தந்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் இதையெல்லாம் எடுத்து வைப்பார்.

டயர் விஷயத்தில் மட்டும் அவரோடு பாதி ஒத்துப்போகிறேன். கம்பெனி தரும் டயர் தார்ச்சாலைக்கானது. அதன் பக்கச்சுவர் கூர்க்கல்லைத் தாங்காது. அது தேய்ந்தபின் அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடலாம். அதற்குள் வண்டி ஓடிய பாதைகளே அடுத்து என்ன வேண்டும் என்று சொல்லிவிடும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்வருபவருக்கு அந்த டயரே போதும். எப்போதும் பின்னால் நிறையச் சுமை ஏற்றுபவர் பட்டையைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, அவர் பட்டியலில் விடுபட்டது. இத்தனை சாமான் எழுதியவர், மாட்டிக்கொண்ட வண்டியை இன்னொரு வண்டி இழுக்கும்போது கயிற்றை எங்கே மாட்டுவது என்று எழுதவில்லை. லாரியில் கட்டி அனுப்புவதற்காக அடியில் வைத்த வளையத்தில் மாட்டக் கூடாது. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. இழுவிசையில் அது முறிந்தால் குண்டு போலப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும்; அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, எவ்வளவு எடை தாங்கும் என்று குறித்த கொக்கி, அதற்கேற்ற ஷேக்கிள், நல்ல நெகிழ்கயிறு, கயிற்றின் நடுவில் போட ஒரு கனமான சாக்கு: தார்ச்சாலையை விட்டு இறங்கும் முன் வண்டியில் இருக்க வேண்டியவை இவை. இரும்பு பம்பருக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியவர், இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.