குளிர் பிளாஸ்மா: தட்டில் செத்தால் போதுமா?

பிளாஸ்மா என்றதும் ரத்தத்தில் இருப்பதை நினைத்துவிடாதீர்கள். இது மின்னலிலும் டியூப்லைட்டிலும் இருக்கும் அயனி வாயு. ஹீலியத்தில் உயர் மின்னழுத்தம் கொடுத்து, விரலால் தொடக்கூடிய சூட்டில் உண்டாக்கினால் அது குளிர் பிளாஸ்மா.

இதை மூளைப் புற்றுநோய் செல்கள் மீது பாய்ச்சினால் ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு போன்றவை உருவாகின்றன. புற்றுநோய் செல்லுக்குள் இத்தகைய பொருட்கள் ஏற்கெனவே அதிகம். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் தாங்காமல் செத்துவிடுகிறது. சாதாரண செல் ஓரளவு தாக்குப் பிடிக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கைடர் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளது.

உடனே "புற்றுநோய்க்கு மருந்து ரெடி" என்று தலைப்புப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தட்டில் பினாயில் ஊற்றினாலும் செல் சாகும்! போதாக்குறைக்கு, இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் யு87 செல்கள், 1960களில் ஸ்வீடனில் எடுக்கப்பட்ட அந்த நோயாளியுடையவை அல்ல என்று 2016ல் டிஎன்ஏ சோதனை காட்டியது.

நிஜ மூளையில் கிளியோபிளாஸ்டோமா வேர்விட்டுப் பரவும். மற்ற உறுப்புகளில் ஓரத்தையும் சேர்த்து வெட்டலாம். இங்கே வெட்டினால் பேச்சோ, கைகாலோ போய்விடும். 2005ல் வெளியான பெரிய சோதனையில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் கொடுத்தும் பாதிப் பேர் 15 மாதங்களுக்குள் இறந்தார்கள்.

பிளாஸ்மாவும் ஆழமாக ஊடுருவாது. எனவே கட்டியை எடுத்தபின் அந்தக் குழியின் ஓரத்தில் மிஞ்சும் செல்களைக் கொல்லும் கருவியாகத்தான் அதற்கு எதிர்காலம் என்பது என் கருத்து. எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போகிறது, பக்கத்து நியூரான் பிழைக்கிறதா? இந்த இரண்டையும் சொல்லாத செய்தியை நோயாளியின் குடும்பத்துக்கு அனுப்பி ஆசை காட்டாதீர்கள்.