பயம் வேறு... பாதுகாப்பு வேறு!

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு 'டாஃப்னியா' தெரிந்திருக்கும். மீனுக்குத் தீனியாகப் போடுவார்களே, சில மில்லிமீட்டரே உள்ள அந்தத் தண்ணீர் உயிர்தான்.

'கேயோபோரஸ்' என்ற பூச்சியின் புழு டாஃப்னியா குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். அந்தப் புழுவின் வாடை தண்ணீரில் கலந்தாலே போதும், குஞ்சின் பின்கழுத்தில் முள் மாதிரி சிறு பற்கள் முளைக்கும்! புழுவின் பிடியிலிருந்து நழுவ அது உதவும். அந்த வாடை எதுவென்று 2018-ல் கண்டுபிடித்தார்கள்: புழு இரையைச் செரிக்கும்போது வெளிவரும், குளூட்டமினோடு சேர்ந்த கொழுப்பு அமிலங்கள்.

வாடை இல்லையா? பல்லும் இல்லை. ஏன்னா, கவசத்துக்கும் செலவு உண்டு; இனப்பெருக்கம் தள்ளிப்போகும். மீன் வாடை வந்தாலோ கணக்கே வேறு: சின்ன உடம்போடு சீக்கிரமே இனம்பெருக்கும். பெரிய உடம்புதானே மீன் கண்ணில் படும்!

நம்மில் பலர் என்ன செய்யறோம்? "வேலை கிடைக்காதாம்"னு யாரோ சொன்னதும், கண்ட கோர்ஸிலும் அப்பா காசைக் கட்டுகிறோம். எந்த வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரிப்பதே இல்லை.

என் கருத்து இதுதான்: பயந்து செய்வதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. முதலில் ஆபத்து எதுவென்று பாருங்கள். அப்புறம் கவசம் மாட்டலாம்!