வளைகுடாவுக்குப் போகும் முந்திரி: ஈரத்தின் விலையை யார் கொடுப்பது?

பண்ருட்டி வட்டாரத்தில் மாசி, பங்குனி பிறந்துவிட்டால் தோப்புகளில் முந்திரி விழத் தொடங்கிவிடும். வைகாசி வரை கொட்டை பொறுக்கும் வேலை ஓயாது. இந்த வட்டாரத்துப் பருப்பில் ஒரு பகுதி தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறிக் கடல் கடந்து செல்கிறது. இந்திய முந்திரிப் பருப்பை வாங்கும் நாடுகளில் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் முக்கியமானவை. அங்கு கிராக்கி முழு வெள்ளைப் பருப்புக்குத்தான். ஒரு பவுண்டு எடைக்கு 180 பருப்புக்கு மேற்படாதது டபிள்யூ 180; 240க்கு மேற்படாதது டபிள்யூ 240. எண்ணிக்கை குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது.

அரபு நாடு என்றதும் வறண்ட பாலைவனக் காற்றுதான் நினைவுக்கு வரும். ஆனால் சரக்கு இறங்கும் துபாய் போன்ற துறைமுகங்கள் கடலோரத்தில் இருப்பவை. ஆடி, ஆவணி மாதங்களில் அங்கு பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். கடலிலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்து வரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இத்தகைய இடம் முந்திரிப் பருப்புக்குச் சத்துரு.

பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. வெப்பமும் காற்றும் பட்டால் அந்தக் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இந்தக் கெடுதல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் நடக்கும் என்பது பொதுவான கணக்கு. ஈரம் ஏறினால் பருப்பு மொறுமொறுப்பை இழந்து நமத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும், வண்டும் அந்துப்பூச்சியும் பெருகும். ஆகவேதான் ஏற்றுமதிப் பருப்பின் ஈரப்பதம் 5 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். மிகவும் உலர்த்திவிட்டாலும் கஷ்டம். 3 சதவிகிதத்துக்குக் கீழே போனால் பருப்பு நொறுங்கி, முழுப் பருப்பின் விலை உடைப்பருப்பின் விலையாகிவிடும்.

முற்காலத்தில் பருப்பைத் தகர டின்களில் இட்டுக் கரியமில வாயு நிரப்பி அனுப்பினார்கள். இப்போது பல அடுக்குப் பிளாஸ்டிக் பைகளில் காற்றை உறிஞ்சி எடுத்து, வாயு நிரப்பி, அட்டைப் பெட்டியில் வைக்கிறார்கள். ஒரு பை 11.34 கிலோ, அதாவது 25 பவுண்டு. பெட்டிக்கு இரண்டு பைகள். 20 அடிக் கொள்கலனில் 700 பெட்டிகள், அதாவது ஏறத்தாழ 15.9 டன் பருப்பு ஏறுகிறது. இவ்வளவு பருப்பிலும் 1 சதவிகிதம் ஈரம் கூடியது என்றால், ஏறக்குறைய 159 லிட்டர் தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று பொருள். பகலில் கொள்கலன் காயும்போது அட்டையிலும் மரத்தளத்திலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவியே துளித்துளியாகப் பெட்டிகள் மேல் சொட்டுகிறது. பையில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், கேடு தொடங்கிவிடும்.

இதைத் தடுக்க ஏற்றுமதியாளர்கள் ஈரம் உறிஞ்சும் பைகளைக் கொள்கலனில் தொங்கவிடுகிறார்கள். நல்ல ஒட்டுத் தாள்களாலான பைகளை வாங்குகிறார்கள். இவையெல்லாம் அவசியமே. ஆயினும் பை எவ்வளவு உயர்ந்ததானாலும், உள்ளே போடும்போதே கெட ஆரம்பித்துவிட்ட பருப்பை அது நல்லதாக்கிவிடாது.

கேடு எங்கே ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் தோப்பில்தான். பழத்திலிருந்து திருகிய கொட்டையை உலர்த்தாமல் சாக்கில் கட்டிவைத்தால் மூட்டை உள்ளுக்குள் சூடேறுகிறது. பருப்பு நிறம் மங்கிப் புள்ளி விழுகிறது. கொழுப்பு உடைய ஆரம்பிக்கிறது. ஆலையில் வேகவைத்து உடைத்து, உலர்த்தும் அறையில் காயவைக்கும்போது ஈரம் வெளியேறும். ஆனால் விழுந்த புள்ளி மறையாது, உடைந்த கொழுப்பு கூடாது. இப்படிப்பட்ட பருப்பு பண்ருட்டியில் நன்றாகத் தோன்றலாம். வளைகுடாக் கிடங்கில் இரண்டு மாதம் கிடந்த பிறகு அதன் குணம் வெளிப்படும்.

அப்படியானால் விவசாயிகள் ஏன் நன்றாக உலர்த்தித் தருவதில்லை என்று கேட்கப்படுகிறது. அவர்களைக் குறை கூறுமுன் ஒரு சிறு கணக்கைப் பார்க்கவேண்டும். 100 கிலோ கொட்டையில் 16 சதவிகித ஈரம் இருப்பதாகக் கொள்வோம். அதை 8 சதவிகித ஈரத்துக்கு உலர்த்தினால் எடை ஏறக்குறைய 91 கிலோவாகக் குறையும். ஈரக் கொட்டையை விற்றவர் 100 கிலோவுக்குப் பணம் வாங்குகிறார். மூன்று நாள் வெயிலில் நின்று கிளறிக் காயவைத்தவர் 91 கிலோவுக்கு வாங்குகிறார். உலர்ந்த கொட்டைக்குக் கிலோவுக்குப் பத்து சதவிகிதமாவது விலை கூடினாலன்றி அவருக்குக் கட்டாது. இரண்டு குவியலுக்கும் ஒரே விலை என்றால், நேர்மையாக உலர்த்தியவருக்கு அது அபராதம்.

வாங்குபவருக்கோ இதில் நட்டம் இல்லை. இரண்டு குவியலிலும் பருப்பு ஒன்றே. மிகுதி எடை தண்ணீர்தான்.

ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டைக்கு இந்த வாணிபம் வேறு முறையைக் கையாள்கிறது. 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று மாதிரியை வெட்டிப் பார்த்தே விலை பேசப்படுகிறது. ஈரப்பதத்துக்கும் வரம்பு உண்டு. கடல் கடந்து வரும் கொட்டைக்குச் செய்யும் சோதனையைக் காடாம்புலியூர்த் தோப்பிலிருந்து வரும் கொட்டைக்குச் செய்யக்கூடாதா? கையில் அள்ளிப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் போதும் என்று இருந்துவிடலாகாது.

ஐந்து மூட்டை, பத்து மூட்டை என்று சிறு அளவில் வரும் சரக்கையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா என்று வியாபாரிகள் கேட்கக்கூடும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கிலோ மாதிரியை எடுத்து வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சொத்தை என்று பிரித்து எடை போட அதிக நேரம் பிடிக்காது. ஈரமானிக்குச் சில நிமிடங்கள் போதும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இந்தச் சோதனையை ஏற்படுத்தி, ஈரப்பதத்தைப் பொறுத்த விலையை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், அடுத்த அறுவடையிலேயே மாற்றத்தைக் காணலாம். சிமெண்டுக் களம் இல்லாத சிறு விவசாயிகளுக்குப் பொது உலர்களங்களும் தார்ப்பாய்களும் கிடைக்க வகை செய்யவேண்டும். விலை தராமல் புத்திமதி மட்டும் தருவதால் பயன் இல்லை.

விவசாயிகள் தரப்பில் செய்யவேண்டியது கடினமானதல்ல. முதிர்ந்து தாமாக விழுந்த கொட்டைகளையே பொறுக்கவேண்டும். நாள்தோறும் பொறுக்குவது உத்தமம். வெறும் தரையில் போடாமல் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கிளறிவிட்டுக் காயவைக்கவேண்டும். குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் ஓட்டில் தடம் விழக்கூடாது. சூடு ஆறிய பிறகே சாக்கில் பிடிக்கவேண்டும். உரம் வந்த பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்துச் சணல் சாக்கையே பயன்படுத்தவேண்டும். மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும். பழைய கொட்டையையும் புதிய கொட்டையையும் ஒருபோதும் கலக்கக்கூடாது.

2006ஆம் ஆண்டு வாக்கில் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் இந்தியாவை முந்திச் சென்றது. அதுவும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுதான் என்பதை மறந்துவிடலாகாது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. மீண்டும் கன்று நட்டு, காத்திருந்து காய்ப்புக் கண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அத்தனை பாடுபட்டு வளர்த்த மரத்தின் கொட்டை, மூன்று நாள் வெயில் கிடைக்காததால் மதிப்பு இழக்கக்கூடாது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெல்லுக்குச் சொன்னது. முந்திரிக்கு, வெயிலுள்ளபோதே உலர்த்து என்று சொல்லலாம். ஆனால் அந்த வெயிலில் நிற்பவருக்கு அதற்குரிய விலையைக் கொடுப்பது வாங்குபவரின் கடமை. அது நிறைவேறினால் வளைகுடா வெக்கையிலும் பண்ருட்டிப் பருப்பு தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும்.