மிளகின் மீது பழி

ஏற்காட்டுக்குச் செல்வோர் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதையும் அவற்றின் நிழலில் காபிச் செடிகள் வளர்வதையும் காண்பர். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன். வயிற்றில் புண் உண்டாக்குபவை இவ்விரண்டுமே என்பது நம் இல்லங்களில் நெடுநாளைய குற்றச்சாட்டு.

வயிறு என்றதும் நாம் தொப்புளைத் தொட்டுக் காட்டுகிறோம். இரைப்பையோ அதற்கும் மேலே, இடப்பக்க விலா எலும்புகளின் கீழ் இருக்கிறது. உண்டால் ஒரு லிட்டருக்கும் மேல் கொள்ளும் தசைப்பை அது. மூன்று அடுக்குத் தசைகள் உணவைக் கடைந்து கூழாக்குகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்கிறது. பெப்சின் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கிறது. இறைச்சியைக் கரைக்கும் இச்சாறு இரைப்பையையே கரைத்துவிடாதது ஏன்? உட்சுவரைப் போர்த்தியுள்ள வழவழப்பான சளிப்படலமே காவல்.

அக்காவலைக் குலைப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. இரைப்பை அமிலத்தில் எக்கிருமியும் குடியிருக்காது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தபோது, 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாமே கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள்.

காபியும் காரமும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும் என்பது மெய்யே. ஆனால் மிளகு ரசத்தை நிறுத்திவிட்டு வலி மாத்திரையைத் தொடர்ந்தால் புண் ஆறுமா? கிருமிதான் காரணமெனில், மருத்துவர் தரும் மருந்தை இரண்டு வாரம் தவறாது உண்டாலே பெரும்பாலோர்க்குக் குணமாகிறது. மலம் தார் போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.