வான்கோழி வேட்டைக்கு ஆள் தேடும் அமெரிக்க மாகாணங்கள்... பறவைகள் குறைவது ஏன்?

பொழுது விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. காட்டோரம் ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து, தலை முதல் கால் வரை இலை நிற உடையில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தூரத்தில் மரக்கிளையில் அடைந்திருக்கும் ஆண் வான்கோழி ஒன்று குரல் கொடுக்கிறது. இவர் கையிலிருக்கும் சின்ன மரப்பெட்டியை உரசி, பெட்டையின் குரலில் பதில் சொல்கிறார்.

மார்ச் முதல் மே வரை அமெரிக்காவில் பல இடங்களில் தினமும் விடியலில் நடப்பது இதுதான். அலாஸ்காவைத் தவிர மற்ற 49 மாகாணங்களிலும் வசந்த கால வான்கோழி வேட்டை உண்டு. இதற்குப் புதியவர்கள் வர வேண்டும் என்று பல மாகாணங்கள் பயிற்சி வகுப்பு, சிறுவர்களுக்குத் தனி நாள் என்றெல்லாம் ஏற்பாடு செய்கின்றன. அதே நேரம், தென் மாகாணங்கள் சில வேட்டை நாட்களையும் அளவையும் குறைத்துவிட்டன. ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே கதவையும் பாதி சாத்துவது ஏன்?

வசந்த காலத்தில் ஏன்?

இது வான்கோழிகள் இணை சேரும் பருவம். ஒரு ஆண் பல பெட்டைகளோடு சேரும் என்பதால், சில ஆண் பறவைகளைச் சுடுவது இனப்பெருக்கத்தைப் பாதிக்காது என்ற கணக்கில்தான் வசந்த வேட்டை அனுமதிக்கப்படுகிறது. சட்டத்தில் பெரும்பாலும் 'தாடி உள்ள பறவை' என்றே இருக்கும். மார்பிலிருந்து குச்சி குச்சியாகத் தொங்கும் கருப்பு இறகுக் கொத்துதான் அந்தத் தாடி. பெட்டைகள் சிலவற்றுக்கும் தாடி இருக்கும். பல இடங்களில் அவற்றைச் சுடுவது குற்றமில்லை. ஆனாலும், முட்டையிடப் போகும் பறவையை விட்டுவிடுவதே நல்லது என்பது அனுபவசாலிகளின் பேச்சு.

இந்த வேட்டையின் சுவாரசியமே, இயற்கையில் நடப்பதைத் தலைகீழாக்குவதுதான். வழக்கமாக ஆண் குரல் கொடுத்து, தோகையை விரித்து நிற்கும். பெட்டைதான் தேடிப் போகும். (மயிலைப் பார்த்து ஆடியதாகத் தமிழில் கேலிக்கு ஆளான பறவை, தன் ஊரில் சொந்த ஆட்டத்துக்கே பேர் போனது.) வேட்டைக்காரரோ பெட்டை போலக் கூப்பிட்டு ஆணை வரவைக்கப் பார்க்கிறார். அதனால்தான் பல நேரம் அந்தப் பறவை சுடும் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு, 'நீயே வா' என்பது போலக் கத்திக்கொண்டே இருக்கும். புதியவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான்.

புதிதாக வருபவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் லைசென்ஸ். அதைப் பெற, பெரும்பாலான மாகாணங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். பல மாகாணங்களில், லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருந்தால் வகுப்புக்கு முன்பே ஒரு பருவம் முயன்று பார்க்க அனுமதி உண்டு. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதில் விலக்கு உண்டு என்பது அங்குள்ள தமிழர்கள் பலருக்குத் தெரியாத விஷயம். மாகாணச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க்கில் மே 1 முதல் 31 வரைதான் வேட்டை. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி நண்பகலோடு முடித்துக்கொள்ள வேண்டும். சீசன் முழுக்க ஒருவருக்கு இரண்டு பறவைகள், அவ்வளவுதான்.

கருவிகள் பெரிய செலவில்லை. 12 கேஜ் அல்லது 20 கேஜ் ஷாட்கன் போதும். குறி தலையும் கழுத்தும், தூரம் சுமார் 40 கஜத்துக்குள். அந்தத் தூரத்தில் குண்டுகள் எப்படிச் சிதறுகின்றன என்று காகிதத்தில் முன்கூட்டியே சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது. பறவை காயத்தோடு தப்பிப் போவதற்கு இந்தச் சோம்பல் ஒரு முக்கியக் காரணம். குரல் கொடுக்க, உரசும் மரப்பெட்டிதான் கற்றுக்கொள்ள எளிது. வாய்க்குள் வைத்து ஊதும் கருவி பழக நாளாகும். வான்கோழிக்கு மோப்ப சக்தி குறைவு, ஆனால் பார்வை படு கூர்மை. நிறங்களும் நன்றாகத் தெரியும். முகத்தைச் சொறிந்தால்கூட ஆட்டம் முடிந்தது.

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. எல்லோரும் மறைந்திருக்கிறார்கள், எல்லோரும் வான்கோழி போலவே கத்துகிறார்கள். அதனால் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் விஷயங்கள் சில உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் உடலில் எங்குமே தெரியக் கூடாது. ஆண் வான்கோழியின் தலை நிறம் அதுதான். கைக்குட்டை வரைக்கும் இது பொருந்தும். குரல் வந்த திசையில் பதுங்கிப் போகவே கூடாது, அங்கே கத்தியது மனிதராகவும் இருக்கலாம். இன்னொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் சத்தமாகப் பேச வேண்டும். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் பின்பக்கம் பாதுகாப்பு. சுட்ட பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட பறவை

கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாகாணங்களில் இந்தப் பறவையே இல்லாமல் போனது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அவற்றுக்குப் பிழைக்கத் தெரியவில்லை. பிறகு காட்டுப் பறவைகளையே, வெடி வைத்துப் பாயும் பெரிய வலையால் பிடித்து, இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது பலித்தது. தேசிய காட்டு வான்கோழி கூட்டமைப்பு தொடங்கிய 1973ல் சுமார் 15 லட்சமாக இருந்த எண்ணிக்கை, 2000களின் தொடக்கத்தில் 65 லட்சத்தைத் தாண்டியது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ஷாட்கன், ரைஃபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வசூலாகிறது. மாகாணத்தின் பரப்பளவையும், லைசென்ஸ் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையையும் வைத்து அந்தப் பணம் பிரித்துத் தரப்படுகிறது. ஆக, லைசென்ஸ் குறைந்தால் லைசென்ஸ் கட்டணமும் போகிறது, மத்தியப் பணத்தில் பங்கும் குறைகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேட்டையைத் தடை செய்த இந்தியாவிலிருந்து பார்த்தால் விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் அமெரிக்க மாகாணங்களின் வனவிலங்குத் துறைகள் இந்த வருமானத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

அமெரிக்க அரசின் கணக்கெடுப்பில் 2011ல் 1.37 கோடியாக இருந்த வேட்டைக்காரர்கள், 2016ல் 1.15 கோடியாகக் குறைந்தார்கள். பழைய தலைமுறைக்கு வயதாகிறது. புதியவர்களைத் தேடுவதன் காரணம் இதுதான்.

இப்போது என்ன சிக்கல்?

தென் மாகாணங்களில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்துவிட்டது. பெட்டை தரையில்தான் முட்டையிட்டு, சுமார் 28 நாள் அடைகாக்கும். ரக்கூன், பாம்பு, காகம் எல்லாம் முட்டைக்குக் காத்திருக்கும். பொரித்த குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் மரமேற முடியாமல் தரையிலேயே கிடக்கும். அப்போது தொடர்ந்து மழை பெய்தால் நனைந்தே சாகும். பூச்சி நிறைந்த, புல் வளர்ந்த திறந்தவெளி அவற்றுக்குத் தேவை. அந்த மாதிரி நிலம் குறைந்துகொண்டே வருகிறது.

இன்னொரு சந்தேகமும் எழுந்தது. பெட்டைகள் இணை சேரும் முன்பே வலுவான ஆண் பறவைகளைச் சுட்டுவிட்டால் கூட்டத்தின் ஒழுங்கே கலைந்துபோகலாம் என்று ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர் மைக்கேல் சேம்பர்லெய்ன் போன்றவர்கள் எச்சரித்தார்கள். மாகாணங்கள் வேகமாகச் செயல்பட்டன. அலபாமா 2022ல் சீசன் தொடக்கத்தைத் தள்ளிவைத்தது. ஐந்து பறவை என்பதை நான்காக்கி, முதல் பத்து நாள் பொம்மைப் பறவை வைப்பதற்கும் தடை போட்டது. ஜார்ஜியா அதே ஆண்டு மூன்றை இரண்டாக்கியது. டென்னசி 2023ல் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளி, அளவை இரண்டாகக் குறைத்தது.

பலன் கிடைத்ததா? டென்னசியின் தென் பகுதி மாவட்டங்களில் சீசனை இரண்டு வாரம் தள்ளிவைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2024ல் வெளியானது. பெட்டைகள் முட்டையிடும் நாளிலும், குஞ்சு பொரிக்கும் அளவிலும் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்றது அது. ஒரு பகுதியின் முடிவை வைத்து எல்லா மாகாணங்களுக்கும் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனாலும் தேதியை மாற்றுவது அரசுக்குச் சுலபமான வேலை, நிலத்தை மாற்றுவது அப்படியல்ல. தென் மாகாணங்களில் காடும் வயலும் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கின்றன. எப்போது மரம் வெட்டுவது, அடிப்புதரை எப்போது கட்டுப்பாட்டோடு எரித்துப் புல் வளரவிடுவது என்பதெல்லாம் நில உரிமையாளரின் முடிவு.

அதனால் புதிதாக வருபவர் போன வருட விதிப்புத்தகத்தை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வார். சுட்ட பறவையைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போனிலோ ஆப்பிலோ பதிவு செய்வதும் பல மாகாணங்களில் கட்டாயம். சீசன் முடிந்த பிறகு, கோடையில் இன்னொரு கணக்கு தொடங்கும். எத்தனை பெட்டைகளைப் பார்த்தீர்கள், கூடவே எத்தனை குஞ்சுகள் வந்தன என்று நியூயார்க் உள்ளிட்ட மாகாணங்கள் பொதுமக்களிடமே கேட்கின்றன. நியூயார்க்கில் அந்தக் கணக்கெடுப்பு ஆகஸ்ட் மாதம்.