கைப்பேசியில் வரும் பாடம் எந்த மொழியில்?

ஏழை நாடுகளின் கல்விப் பஞ்சத்தைக் கைப்பேசி தீர்த்துவிடும் என்கிறார்கள். நாம் கைப்பேசிக்குப் பகைவர்கள் அல்லர். ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நின்று பார்க்கும்போது, அந்தக் கருவிக்குள் எந்த மொழி இருக்கிறது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த வேளையில், 2020 ஜூன் 1ஆம் நாள் கேரள அரசு 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சி, மறுப்பதற்கில்லை. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுத்து, ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பாடம் பார்க்க வழிசெய்தார்கள். ஆனால் விக்டர்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது மலையாளத்தில். தமிழ், கன்னட வகுப்புகள் யூடியூப் வழியாக வந்தன. இதன் பொருள் என்ன? மலையாள வழிப் பிள்ளைக்கு வீட்டுத் தொலைக்காட்சி போதும். தமிழ்வழிப் பிள்ளைக்கோ கைப்பேசி வேண்டும், டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி கூலி வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில் இருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இல்லாதவனிடமே கூடுதல் செலவைக் கேட்ட ஏற்பாடு இது!

களியக்காவிளைக்கு அப்பால் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே வந்துவிட்டதே, அதைப் பார்க்கலாமே என்பார் சிலர். பார்க்கலாம், பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு. 1956 நவம்பர் 1இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. (கொரோனாவுக்குப் பின் கேரளப் பள்ளிகள் திறந்ததும் ஒரு நவம்பர் 1இல்தான், 2021இல்.) அந்த 1956இலேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. கரும்பலகைக்குப் பொருந்தும் சட்டம் கைப்பேசித் திரைக்குப் பொருந்தாதா? இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் தீர்ப்பளித்ததும் இதே கேரளத்தின் உயர்நீதிமன்றம்தான்.

நாம் சலுகை கேட்கவில்லை. மலையாளப் பாடம் வெளியாகும் அதே நாளில் தமிழ்ப் பாடமும் வெளியாக வேண்டும். அதை ஒருமுறை இறக்கி மெமரி கார்டில் வைத்து, இணையமின்றிப் பார்க்க வழி வேண்டும். எல்லைக் கிராமங்களில் உள்ள சங்க அன்பர்கள், தத்தம் ஊரில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், பகலில் கைப்பேசி இருக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணி, அடுத்த கூட்டத்துக்குப் பட்டியலோடு வர வேண்டும். கல்வித் துறைக்கு அனுப்பும் மனுவோடு அதை இணைப்போம்.