எலுமிச்சைத் தோட்டமும் இலைப் பரிசோதனையும்

எலுமிச்சை இலை வெளிறக் கண்டவுடன், காரணம் விசாரியாமல் மேலும் யூரியாவைக் கொட்டுவது நம் தோட்டக்காரர் பலரின் வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் பணத்துக்கும் மரத்துக்கும் ஒருங்கே நஷ்டம் விளைவிக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளிக்கும். அச்சத்து முதிர்ந்த இலையை விட்டுத் துளிருக்குச் செல்லவல்லது. துத்தநாகமும் இரும்பும் எளிதில் இடம் பெயர்வனவல்ல; ஆதலின் அவை குறையுமிடத்துத் துளிரே முதலில் வருந்தும். துத்தநாகக் குறையில் இளவிலைகள் சிறுத்துக் குறுகி, நரம்பையொட்டிப் பசுமையும் இடையில் மஞ்சளுமாய்த் தோன்றும். காயும் சிறுத்து மகசூல் குன்றும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் துத்தநாகம் இருந்தும் வேருக்குக் கிட்டாது. அங்கே மணிச்சத்தை மிதமிஞ்சி இட்டால் குறை பெருகும். ஆகவே மண் பரிசோதனை மட்டும் போதாது. நிலத்திலுள்ளதை மண் சொல்லும். மரம் பெற்றதை இலையே சொல்லும்.

கண்மதிப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குக் கலிபோர்னியாவில் நிகழ்ந்த சம்பவமொன்று சான்றாகும். 1930-களின் தொடக்கத்தில், சிற்றிலை நோயுற்ற பழமரங்களுக்குச் சாண்ட்லர், ஹோக்லாந்து முதலிய அறிஞர்கள் இரும்பு ஸல்பேட்டை இட, மரங்கள் தேறின. குணம் இரும்பினால் வந்ததென்றே எண்ணத் தோன்றிற்று. தூய இரும்பு ஸல்பேட்டு பலனளியாமை கண்டு ஆராய்ந்தபோது, நோய் தீர்த்தது அதிற் கலந்திருந்த துத்தநாகமே என்பது வெளியாயிற்று. கற்றறிந்தோரே மயங்கத்தக்க இடத்தில் நாம் ஊகத்தை நம்புதல் தகுமா?

"எம் தகப்பனார் எதைச் சோதித்தார்?" என்பாருளர். அவர் இட்ட தொழுவெருவிலும் தழையிலும் எல்லாச் சத்துக்களும் சிறிதளவேனும் இருந்தன. இன்றைய மூட்டை உரங்களிற் பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று சத்துக்களே உள. நெல்லிற் செய்த தவறு ஒரு போகத்தோடு முடியும். மரத்திற் செய்த தவறோ பல வருஷம் தொடரும்.

மண்ணை ஓரடி, ஈரடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியே எடுத்தல் வேண்டும். இலையைக் காயில்லாக் கிளைகளிலிருந்து, நாலைந்து மாத முதிர்ச்சியுடையதாய்ப் பறித்தல் வேண்டும். நல்ல மரத்து இலையையும் நோயுற்ற மரத்து இலையையும் கலத்தலாகாது. துத்தநாகக் குறை என்று தெளிந்தால், நூறு லிட்டர் நீருக்கு அரைக் கிலோ துத்தநாக ஸல்பேட்டு வீதம் கரைத்து, மார்ச்சு, ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத்துளிர் மீது தெளிக்கலாம். இச்செலவு வீணான உரச்செலவினும் மிகச் சிறிது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டக்காரர் தனித்தனியே அலைவதினும், ஊரார் மாதிரிகளை ஒருநாள் குறித்துச் சேர்த்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி வைத்தால், தயங்குவோரும் முன்வருவர். அடுத்த உரமூட்டை பிரிக்கப்படுமுன் இக்காரியம் நடைபெறுதல் நலம்.